கூரை யாருக்குச் சொந்தம்?

மனிதனுக்கு வீடு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் வீடு என்பது யாது என்னும் கேள்விக்கு விடை கூறப் புகுந்த மாத்திரத்தில் அதிகாரிகளும் முதலாளிகளும் அளவுகோலைக் கையிலெடுத்துக் கொள்கின்றனர். நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி, தலைக்கு இத்தனை சதுர அடி என்று அளந்து, கிடைத்த எண்ணைத் தாளில் எழுதியவுடன் தங்கள் கடமை தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். அறையின் வாசற்படியைத் தாண்டி மனிதன் வாழும் வாழ்வு ஒன்று உண்டு. அதை அளக்க அவர்களிடம் கோல் இல்லை. இந்நாட்டுத் தோட்டங்களில் நம் மக்கள் குடியிருந்த சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்போர்க்கு, அவர்கள் பட்ட துயரில் பெரும்பகுதி இந்த ஒரு குறையினின்றே பிறந்தது என்பது விளங்கும்.

இதை இப்பொழுது எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. நெருக்கம் மிகுந்த நகரங்களில் இனி வீடு கட்ட நிலமில்லை. ஆகவே பழைய கட்டடங்களின் மேல்தளத்தை நிலமாகக் கொள்ளலாம் என்று மேல்நாட்டார் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர். ஆலையிலேயே செய்து முடித்த அறைகளைப் பாரந்தூக்கியால் உயரே ஏற்றி ஒன்றோடொன்று பொருத்தி விடுவதும், இடையே அனைவர்க்கும் பொதுவான கூடமும் தோட்டமும் அமைப்பதும் இவ்யோசனையின் சாரம். ஸ்பெயின் தேசத்துப் பார்சலோனா நகரில் இத்தொழிலையே செய்யும் நிறுவனம் ஒன்றுண்டு. வீட்டைக் கூரையிலிருந்து தொடங்குவது என்றால், அந்நாட்டுப் பழமொழியில், முன்னே செய்ய வேண்டியதைப் பின்னும் பின்னே செய்ய வேண்டியதை முன்னும் செய்வது என்று பொருள். அந்நிறுவனம் அப்பழமொழியையே தனக்குப் பெயராக வைத்துக்கொண்டது. பெயர் வேடிக்கையாகத் தோன்றினும் அதிலுள்ள எச்சரிக்கை வேடிக்கையன்று.

தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு நகரத்து மாடிகளைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக் கூடும். ஒரே அளவான அறைகளை வரிசையாக ஒட்டி, தண்ணீரையும் வாசலையும் பொதுவாக்கி, ஒரே கூரையின் கீழ் மக்களைக் குடியேற்றும் முறை நமக்குப் புதிதன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அதற்கு வழங்கிய பெயர் லயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரப்பர் மரம் மலாயாவில் பரவியபோது, காட்டை வெட்டவும் கன்று நடவும் பால் எடுக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கொண்டுவரப்பட்டனர். முதலில் ஒப்பந்தக் கூலிமுறை இருந்தது. 1910இல் அது நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை அதன்பின்னும் நீடித்து, 1938இல் இந்திய சர்க்கார் தடை விதிக்கும் வரையில் நடந்தது. கப்பலில் வந்திறங்கியவர்களுக்கு உடனே கூரை வேண்டும். முதலாளிக்கோ செலவு குறைய வேண்டும். இவ்விரண்டு தேவைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளையே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. அதன் பக்கத்தில் அதே அளவில் மற்றொன்று. இவ்வாறு பத்து அல்லது பதினைந்து அறைகள். பல லயங்களில் பின்சுவரோடு பின்சுவர் ஒட்டி இன்னொரு வரிசையும் நின்றது. பின்புறம் சன்னல் வைக்க வழியில்லை. காற்று ஒரு பக்கத்தால் வந்து அப்பக்கத்தாலேயே திரும்ப வேண்டியதுதான். முன்திண்ணையே அடுக்களை. அறைகளைப் பிரித்த பலகைச் சுவர் கூரை வரையில் எட்டாத இடங்களில், ஒரு குடும்பத்தின் இருமலும் அழுகையும் அடுத்த குடும்பத்தின் உறக்கத்தைக் கலைத்தன.

லயம் எங்கே நின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. குன்றின் உச்சியில் துரையின் பங்களா. சரிவில் கிராணிமாரின் வீடுகள். பள்ளத்தில் ஓடையருகே தொழிலாளர் லயம். தண்ணீர் கிட்ட இருக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் நெகிரி செம்பிலானைப் போன்ற மலைச்சரிவு நிலங்களில், நிழல் தந்த காட்டை வெட்டியதும், வெயில் பட்டுத் தெளிந்தோடும் சிற்றோடைகளிலேயே மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகியது. கிள்ளானில் வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன் முதலானோர் இதனை ஆராய்ந்து, ஓடைகளைப் பூமிக்கடியில் குழாய் வழியே செலுத்தும் உபாயத்தைக் கைக்கொண்டனர். அந்த அறிவு எல்லாத் தோட்டங்களுக்கும் எட்டுமுன் எத்தனையோ உயிர்கள் மண்ணுக்கு உரமாயின. அறையை அளந்தவர்கள் அறை நின்ற இடத்தை அளக்காததன் பலன் இது.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்டத்தாரின் பொறுப்பாக்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்ப்பள்ளி என்பது பெரும்பாலும் பழைய லயத்தின் ஓர் அறையாகவோ கொட்டகையாகவோதான் இருந்தது. ஆயினும் லயத்தின் பொதுவெளிக்குச் சட்டம் அளித்த முதல் அங்கீகாரம் அதுவே. அவ்வித்து வீண்போகவில்லை. தோட்டங்கள் அழிந்தும், 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இந்நாட்டில் நடக்கின்றன.

நிற்க. லயத்தின் வாழ்வு முழுவதும் அறைக்குள் அடங்கியதன்று. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம், வரிசையாகக் குடம் காத்திருக்கும் பொதுக்குழாய், தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், பந்தாடும் திடல், சம்பள நாளில் நிறைந்து வழியும் கள்ளுக்கடை ஆகிய இவையே மக்கள் உண்மையில் வாழ்ந்த இடங்கள். இறந்தவனைத் தூக்க நான்கு தோள்களும், பிரசவ வேதனையில் துடித்தவளுக்கு நான்கு கைகளும் அங்கே கூப்பிடு தூரத்தில் கிடைத்தன. இப்பெருமையை மறைப்பது நன்றி கொன்றதாகும்.

ஆனால் இப்பெருமையைப் பாடி மற்றதை மறைப்பதும் பொய்யாகும். பொதுக்குழாய் பொதுவாய் இருந்தும், சில தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயம் ஒதுக்கப்பட்டது. கடல் கடந்தும் சாதி கடக்காத கொடுமை இது. பெண்களுக்கு மறைவிடம் என்பதே இல்லை. கள்ளுக்கடைக்கு இருந்த ஆதரவு வாசகசாலைக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பொதுவெளியில் ஓரடி கூட அங்கு வாழ்ந்தவர்க்கு உரியதன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் முதலானோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வோடு கூட, உறவினரும் நண்பரும் லயத்துக்கு வந்துபோக அனுமதி வேண்டும், கூட்டம் கூட உரிமை வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரைமார்க்கும் தோட்ட உத்தியோகஸ்தர்க்கும் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். இவற்றுள் எதுவும் அறையைப் பற்றியதன்று. அறைக்கு வெளியேயுள்ள பாதை யாருடையது, வாசல் யாருடையது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அதற்குக் கிடைத்த விடை துருப்புக்களும் துப்பாக்கியும். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதன்பின் யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் லயங்களிலிருந்து ஆட்கள் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர்; திரும்பாதவர் பல்லாயிரவர். 1948இல் அவசரகாலம் பிறந்தபின், சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலி சூழ்ந்து நின்றன. நகரத்து நெருக்கத்தைக் காட்டின் நடுவே கண்ட விந்தை அது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராயிருந்து நெடுங்காலம் உழைத்தார். இதற்கிடையே வெள்ளையர் பலர் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியோர் துண்டு போட்டு விற்றனர். தோட்டம் துண்டானால் லயம் என்னாவது? தொழில் போன அன்றே கூரையும் போயிற்று. தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வேண்டும் என்று வீ.தி. சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது இந்தக் கொடுமையைக் கண்டுதான்.

சட்டமும் மெல்ல மெல்லத் திருந்தியது. தொழிலாளர் குடியிருப்புக்கு 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தின் பெயரிலேயே குடியிருப்போடு வசதிகள் என்ற சொல்லும் ஏறியது. குழந்தைகள் காப்பகம், சமூகக்கூடம் முதலியன அதில் இடம்பெற்றன. ஆனால் அச்சட்டம் நன்கு பழுக்குமுன் தோட்டங்களே மறையத் தொடங்கின. செனாவாங்கையே பாருங்கள். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மண்ணில் இன்று ஆலைகளும் வரிசை வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. அருகே விரைவுச்சாலை ஓடுகிறது. எஞ்சிய தோட்டங்களிலும் இரப்பருக்குப் பதில் செம்பனையே மிகுதி.

மறைந்த தோட்டங்களின் மக்கள் எங்கே சென்றனர்? ஓர் உதாரணம் போதும். முதலாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய ஆங்கிலேயர் சிலர் 1921இல் சிலாங்கூரில் தொடங்கிய தோட்டத்துக்குப் பெரும்போர் என்னும் பொருளில் பிராங் புசார் என்று பெயரிட்டனர். 1990களில் அந்நிலத்தில் புத்ராஜெயா என்னும் புதிய நிர்வாகத் தலைநகர் எழுந்தது. பிராங் புசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே, புக்கிட் தம்போய் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் டிங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். அக்கட்டடங்களின் சுவர்களில் வெடிப்பு கண்டு அவர்கள் பல வருஷங்கள் முறையிட வேண்டியதாயிற்று. தேசத்தின் தலைநகருக்கு இடம் விட்டுக் கொடுத்தவர்களுக்கு உறுதியான கூரை ஒன்று கிடைப்பதே அரிதாயிற்று என்றால், இதைவிட வேறு சாட்சியம் எதற்கு?

அடுக்குமாடிகளின் சரித்திரத்தையும் சற்று நோக்குவோம். ஆலையில் வார்த்த பெருஞ்சுவர்களைக் கொண்டுவந்து பொருத்தும் முறை இந்நாட்டுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1960களில் கோலாலம்பூரில் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் டென்மார்க்கு முறையில் எழுந்தன. பினாங்கில் ரைபிள் ரேஞ்சு அடுக்குமாடிகள் பிரெஞ்சு முறையில் எழுந்தன. ஒவ்வொன்றிலும் பதினேழு மாடி வரையிலும் அதற்கு மேலும் ஏறி, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் குடியேறின. டென்மார்க்கு முறையில் லண்டனில் கட்டிய ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில் 1968 மே மாதம் ஓர் அடுப்பு வாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுப்போல் சரிந்தது, நால்வர் மாண்டனர். சுவர்கள் வலுவாகவே இருந்தன. சுவரையும் சுவரையும் சேர்த்த மூட்டுகளே வலுவற்றிருந்தன. அறைகளை அடுக்குவது எளிது, அவற்றை இணைப்பதே அரிது என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது. மனிதர் விஷயத்திலும் இப்பாடம் பொருந்தும்.

ஹாங்காங்கில் நடந்ததை வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1953 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஷெக் கிப் மெய் என்னும் குடிசைப் பகுதி தீக்கிரையாகி, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். சர்க்கார் அவ்விடத்தில் ஆறு, ஏழு மாடிகளில் குடியிருப்புக்களை அவசரமாய் எழுப்பியது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓர் அறை. அதன் பரப்பு 120 சதுர அடி. பத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். நம் லய அறையின் கணக்கு இம்மி பிசகாமல் வரும்! அங்கும் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. அங்கும் அறைக்கு வெளியே நடைவழியிலேயே சமையல். அங்கும் குழாயும் கழிப்பிடமும் பொது. ஆனால் ஒன்று மட்டும் வேறு. அக்கட்டடங்களின் தட்டையான மேல்தளத்தைத் தரும ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்துப் பள்ளிக்கூடங்களும் சிறுவர் மன்றங்களும் நடத்தச் செய்தனர். கீழே மூச்சு முட்டும் அறை. மேலே வானத்தின் கீழ் பிள்ளைகள் பாடம் படித்தனர். கூரையை மழைக்கு மறைப்பு என்று மட்டும் எண்ணாமல் பொதுநிலம் என்று எண்ணியதால் வந்த நன்மை இது. அதே நகரில் பழைய மாடிகளின் மேல் ஏழைகள் தாமே தகரக் குடிசை போட்டு வாழ்ந்ததும் உண்டு. அங்கே கூரை நிலமாயிற்று. ஆனால் உரிமையற்ற நிலம். எந்நேரமும் அகற்றப்படலாம் என்ற அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை.

பிரான்சு தேசத்து மார்சேய் நகரில் 1952இல் திறக்கப்பட்ட பெருங்குடியிருப்பு மற்றோர் உதாரணம். பின்னாளில் நம் சண்டிகார் நகரை வகுத்த லெ கொர்பூசியே என்பாரே அதையும் கட்டினார். அலமாரியில் சீசாக்களைச் செருகுவதுபோல் 337 வீடுகளை ஒரு சட்டத்துள் செருகி, மேல்தளத்தில் மழலைப் பள்ளியும் உடற்பயிற்சிக் கூடமும் ஓடுபாதையும் பிள்ளைகள் விளையாடும் ஆழமற்ற குளமும் அமைத்தார். நமக்கு அண்டைநாடான சிங்கப்பூரில் வீடமைப்புக் கழகத்துக் கட்டடங்களின் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்தே வைத்தனர். பல இனத்தாரின் மணமும் மரணமும் முதியோர் சதுரங்கமும் அங்கேயே நடக்கின்றன. 2009இல் டக்ஸ்டனில் முடிவுற்ற ஏழு கட்டடங்களில் 1,848 வீடுகள். ஐம்பது மாடி உயரத்தில் நிற்கும் அவற்றை 26ஆம் தளத்திலும் 50ஆம் தளத்திலும் பாலங்களால் இணைத்துத் தோட்டம் வைத்திருக்கின்றனர்.

நம் நாட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளில் நடந்தது என்ன? லயத்து 120 சதுர அடி, மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மூன்று படுக்கையறைகளோடு 700 சதுர அடியளவாயிற்று. இது பெரிய முன்னேற்றம்; இதைப் பழிப்பது அநீதி. மகள் உடை மாற்றக் கதவுள்ள அறை வேண்டும் என்று ஏங்கிய தாயிடம், லயத்து ஒற்றுமை உயர்ந்தது என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. ஆயினும் அறை பெருக்க வெளி சிறுத்தது. ஆயாக் கொட்டகை இல்லை. வேலைக்குப் போகும் பெண் குழந்தையை யாரிடம் விடுவாள்? திடல் வண்டி நிறுத்துமிடமாயிற்று. பிள்ளைகள் மாடிப்படியில் கூடினால் அதிகாரிக்குச் சந்தேகம். மேல்தளத்துக்குச் செல்லும் கதவிலோ பூட்டு. உள்ளே தண்ணீர்த் தொட்டிகள். லயத்தில் பொதுவெளி இருந்தது, உரிமை இல்லை. அடுக்குமாடியில் உரிமைப் பத்திரம் இருக்கிறது, பொதுவெளி இல்லை. இரண்டையும் ஒருங்கே பெறும் நாள் இன்னும் வரவில்லை.

சட்டப்படி கூரை யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக அறிய வேண்டும். 1985ஆம் வருஷத்து ஸ்திராத்தா உரிமைச் சட்டத்தின்படி, தனித்தனி வீடுகளில் அடங்காத மாடிப்படி, நடைவழி, கூரை முதலியன எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுச்சொத்து. அதைப் பராமரிக்கும் வழியை 2013ஆம் வருஷத்து நிர்வாகச் சட்டம் வகுத்துள்ளது. ஆகவே ஐந்தாம் மாடிக் கண்ணம்மாவுக்கும் முதல் மாடி அகமதுவுக்கும் அக்கூரையில் பங்குண்டு. ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்கு வருவோர் எத்தனை பேர்? கணக்கைக் கேட்டுப் படிப்போர் எத்தனை பேர்? வாடகைக்குக் குடியிருக்கும் ஏழைக்கோ அக்கூட்டத்தில் வாக்கே இல்லை. இந்நிலையில், மேல்தளத்தில் புது அறைகளை ஏற்றலாம் என்று ஒரு நிறுவனம் வந்தால், யாரிடம் கேட்கும்? கீழே வாழ்பவரிடம் கேட்குமா? இல்லை, முன்பு துரையிடம் மட்டும் கேட்டதுபோல் யாரோ ஒருவரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடுமா?

ஆலையில் செய்த அறைகளை நாம் வெறுக்கவில்லை. விரைவில் முடியும், செலவு குறையும், நகரத்துக்கு நடுவிலேயே ஏழைக்கு இடம் கிடைக்கும் என்றால் வரவேற்க வேண்டியதே. ஆனால் லயத்தின் சரித்திரத்தை அறிந்தவர்கள் மூன்று நிபந்தனைகளை முன்வைக்காமல் தலையசைக்கலாகாது. முதலாவது, பழைய கட்டடத்தின் தூணும் மூட்டும் புதுப் பாரத்தைத் தாங்குமா என்பதைக் கட்டுபவர் தாமே சொன்னால் போதாது. குடியிருப்போர் நியமிக்கும் பொறியாளர் சோதித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மேலே எழும் பொதுக்கூடமும் காப்பகமும் தோட்டமும் மேலே குடியேறுவோர்க்கு மட்டுமன்றிக் கீழே பல வருஷமாய் இருப்போர்க்கும் உரியவை என்று பத்திரத்தில் எழுத வேண்டும். மின்தூக்கியும் அவர்களுக்குச் செப்பனிட்டுத் தரப்பட வேண்டும். மூன்றாவது, அப்பொதுவெளியை நடத்தும் சபையில் சொந்தக்காரரோடு வாடகைக் குடியினர்க்கும், சிறப்பாகப் பெண்களுக்கும், இடம் வேண்டும். குழாயடியில் காத்து நின்றவர்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியேறியவர்களும் பெண்களே. பொதுவெளியின் அருமையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இது தமிழர்க்கு மட்டும் உரிய கவலையன்று. நம் பாட்டன்மார் படுத்த அறையில் இன்று வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் படுக்கின்றனர். தோட்டத்தொழிலாளர்க்கென இருந்த குடியிருப்புச் சட்டம் 2020இல் மற்றத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டதற்கு, நெருக்கி அடைத்த விடுதிகளின் நிலை ஒரு காரணம். அவர்களுக்கும் படுக்கையை அளக்கிறார்கள். பேசிச் சிரிக்கவும், தம் ஊர்ப் பாட்டுப் பாடவும், துக்கம் வந்தால் கூடி அழவும் ஓரிடம் வேண்டும் என்பதை யாரும் அளப்பதில்லை. நேற்று நமக்கு நேர்ந்தது இன்று அவர்களுக்கு நேர்வதைக் கண்டும் வாய்மூடியிருப்போமானால், நாம் சரித்திரம் படித்து என்ன பயன்?

ஆகவே அடுக்குமாடிகளில் வாழும் சகோதர சகோதரிகளுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். மேல்தளத்துப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பத்திரம் தமிழில் இல்லையென்றால் படித்துச் சொல்லத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். நம் தோட்டங்களில் கணக்கெழுதியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். கூரை மழையைத் தடுத்தால் போதும் என்று நம் முன்னோர் பொறுத்தனர். பொறுத்ததன் விலையை அவர்கள் பிள்ளைகள் கொடுத்தனர். அக்கூரையின் மேலும் நமக்குப் பங்குண்டு என்பதை இப்பொழுதாவது கேட்டுப் பெறுவோமாக.